ஜெர்மி பிரெட்டின் ஹோம்ஸ்: கடைசி வருஷங்களையும் பார்க்கலாமா, 1988-ஓட நிறுத்திக்கலாமா?

திண்ணைவாசி எழுதியது:

வணக்கம் மக்களே. ரெண்டு மாசமா எங்க வீட்டுல ராத்திரி சாப்பாடு முடிஞ்சா ஒரு வேலை. நானும் பதினொண்ணாவது படிக்கிற பொண்ணும் கிரானடா டெலிவிஷன் எடுத்த ஷெர்லாக் ஹோம்ஸ் தொடரை முதல் எபிசோட்லேர்ந்து வரிசையா பார்த்துட்டு வர்றோம். யூடியூப்தான். பழைய பிரிண்ட்டு, அங்கங்க கோடு விழும், பரவாயில்லை.

முதல் எபிசோட் இங்கிலாந்துல ஒளிபரப்பானது 1984 ஏப்ரல் 24. ஜெர்மி பிரெட் அப்போ 50 வயசுக்காரர்னு சொன்னா நம்ப முடியாது. நாற்காலியில உக்காந்திருப்பார், திடீர்னு எழுந்து சோபாவைத் தாண்டிக் குதிப்பார். தரையில குப்புறப் படுத்துக் காலடித் தடத்தை மோந்து பார்ப்பார். கிளையண்ட் பேசிக்கிட்டே இருக்கும்போது கண்ணை மூடிட்டு விரல் நுனிகளைச் சேர்த்து வெச்சிருப்பார், சட்டுனு ஒரு சிரிப்பு வரும், அரை நொடி கூட நிக்காது, போயிடும். அந்த அரை நொடிச் சிரிப்புக்காகவே என் பொண்ணு ரீவைண்ட் பண்ணுவா.

நேத்து 1991-ல வந்த வரிசையை ஆரம்பிச்சோம். அஞ்சு நிமிஷம் ஓடியிருக்கும். "அப்பா, இது வேற ஆளா?"ன்னு கேட்டா.

வேற ஆள் இல்லை. அதே ஆள்தான். முகம் உப்பி, குரல் கரகரத்து, நடை தளர்ந்து போச்சு. சோபாவைத் தாண்டினவர் இப்ப சோபாவுல சாய்ஞ்சு உக்கார்றார். அவளுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. "இதோட நிறுத்திக்கலாம்பா, நல்லா இருந்ததையே ஞாபகம் வெச்சுக்கலாம்"ங்கிறா.

எனக்கு உடம்பு சரியில்லாமப் போச்சுங்கிற வரைக்கும்தான் தெரியும். மொத்தம் 41 எபிசோட்ல இன்னும் 15 பாக்கி. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. பார்க்கலாமா, வேண்டாமா?

மழைக்குருவி எழுதியது:

அங்கிள், நான் பிபிசி "ஷெர்லாக்"ல ஹோம்ஸா வர்ற கம்பர்பேட்ச் கட்சி. ஒரு சீசனுக்கு மூணே எபிசோடு, மூணும் பட்டாசு. பிரெட் ரெண்டு பார்த்தேன். ஆள் சூப்பர்தான், ஆனா குதிரை வண்டி போயிட்டே இருக்கு... போயிட்டே இருக்கு... நான் தூங்கிட்டேன். மன்னிச்சுக்கோங்க.

பழைய_பேட்டரி எழுதியது:

மழைக்குருவி, குதிரை வண்டியில்தான் கதையே இருக்கிறது. போகட்டும், வயசு அப்படி.

திண்ணைவாசிக்கு என் பதில்: பாருங்கள். ஆனால் அதற்கு முன் அந்த மனுஷர் எங்கிருந்து வந்தார் என்று பொண்ணிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், பிரெட் என்பது அவர் குடும்பப் பெயர் இல்லை. பீட்டர் ஜெர்மி வில்லியம் ஹக்கின்ஸ். 1933 நவம்பர் 3, வாரிக்ஷர் மாவட்டம், பெர்க்ஸ்வெல் என்ற ஊர். அப்பா ராணுவத்தில் கர்னல். அம்மா வழியில் கேட்பரி சாக்லேட் குடும்பத்தோடு உறவு. நாலு பையன்களில் இவர் கடைக்குட்டி. நடிகனாகப் போகிறேன் என்றதும் அப்பா, "போ, ஆனா நம்ம பேரைப் போட்டுக்காதே" என்ற ரீதியில் சொல்லிவிட்டார். நம் ஊரில் கூத்தாடப் போன பிள்ளைகளுக்கு நடந்ததுதான், அங்கே கோட்டு சூட்டோடு நடந்திருக்கிறது. சூட் என்றதும் ஞாபகம் வருகிறது, பிரெட் என்ற பெயரையே தன் சூட்டில் தைத்திருந்த தையற்கடை லேபிளிலிருந்து எடுத்துக்கொண்டதாகத்தான் சொல்வார்கள்.

படித்தது ஈட்டன் பள்ளியில். படிப்பு ஏறவில்லை, எழுத்துக்கள் கண்முன் குழம்பும் டிஸ்லெக்சியா. பாட்டு மட்டும் நன்றாக வரும், பள்ளியின் கொயரில் பாடினார். பேச்சில் இன்னொரு சிக்கல்: வாயில் "ர" நுழையாது. நம் வீட்டுச் சின்னக் குழந்தைகள் ராமனை "யாமன்" என்பார்களே, அதே கதை, ஆங்கிலத்தில் "வ" போல வரும். பதின்ம வயதில் நாக்கில் அறுவை சிகிச்சை செய்து சரிசெய்தார்கள். அதற்குப் பிறகு உச்சரிப்புப் பயிற்சியை அவர் வாழ்நாள் முழுக்க விடவில்லை. ஹோம்ஸாக அவர் பேசும்போது ஒவ்வொரு மெய்யெழுத்தும் கத்தரித்து வைத்தது போல விழுகிறதே, சும்மா வந்ததில்லை அது. "ர" வராத பையன் தினம் தினம் சம்பாதித்தது.

அதே பதின்ம வயதில் ருமாட்டிக் காய்ச்சலும் வந்தது. இதை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அந்தக் காய்ச்சல் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இவருக்கு இதயம் அப்போதே பழுதாகிவிட்டது.

லண்டன் சென்ட்ரல் நாடகப் பள்ளியில் பயிற்சி, 1954-இல் மான்செஸ்டரில் முதல் மேடை. 1956-இல் "வார் அண்ட் பீஸ்" படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்கு அண்ணன். 1964-இல் "மை ஃபேர் லேடி"யில் அதே ஆட்ரியின் வீட்டு வாசலில் தவம் கிடக்கும் மேட்டுக்குடிப் பையன் ஃப்ரெடி. 1966-67-இல் பிபிசியின் "த்ரீ மஸ்கிடியர்ஸ்" தொடரில் நாயகன் டார்ட்டான்யன். அறுபதுகளின் கடைசியில் லண்டன் நேஷனல் தியேட்டரில் லாரன்ஸ் ஒலிவியரோடு ஷேக்ஸ்பியர். அழகன், உயரம், குரல், எல்லாம் இருந்தது. இருந்தும் "இவர்தான் இது" என்று சொல்ல ஒரு வேஷம் ஐம்பது வயது வரை அமையவில்லை. அழகான நடிகர்களுக்கு வரும் சாபம். அலங்காரத்துக்கு நிற்க வைத்துவிடுவார்கள்.

மழைக்குருவி எழுதியது:

இருங்க இருங்க. "மை ஃபேர் லேடி"ல தெருவுல நின்னு பாடுவாரே, அந்த ஆளா இவரு?! என் அம்மா போட்டுப் போட்டுக் கேட்ட பாட்டு அது. குரல் செமயா இருக்கும்.

பழைய_பேட்டரி எழுதியது:

அவரேதான், ஆனால் குரல் அவருடையதில்லை. பில் ஷர்லி என்பவர் பாடியது. ஆட்ரிக்கும் பெரும்பாலான பாட்டுகளுக்கு மார்னி நிக்ஸன்தான் பின்னணி. நமக்குப் பின்னணிப் பாட்டு பழகிய விஷயம், டி.எம்.எஸ். பாடி சிவாஜி வாயசைத்தால் யாருக்கும் குறையில்லை. பிரெட் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால் அவருக்கு நன்றாகவே பாட வரும். 1968-இல் பிபிசிக்காக "மெர்ரி விடோ" ஆப்பரெட்டாவில் தன் குரலிலேயே பாடி நடித்தார்.

கொக்குவிலான் எழுதியது:

நான் மான்செஸ்டரில இருக்கிறன், வந்து முப்பது வருசத்துக்கு மேலாச்சு. இந்த இழையைப் பாத்ததும் எழுதாம இருக்க ஏலாமப் போச்சு.

கனபேர் அந்தத் தொடரை லண்டனில எடுத்தது எண்டு நினைக்கினம். ஹோம்ஸ் குடியிருக்கிற பேக்கர் தெருவை மான்செஸ்டருக்கை, கீ ஸ்ட்ரீட்டில இருந்த கிரானடா ஸ்டூடியோ வளவிலதான் கட்டினவை. பக்கத்திலதான் "கொரோனேஷன் ஸ்ட்ரீட்" எடுக்கிற தெரு. ஒரு பக்கம் 1980களின்ர தொழிலாளர் தெரு, இந்தப் பக்கம் விக்டோரியா காலத்துக் குதிரை வண்டி. பிறகு ஸ்டூடியோவைச் சனம் சுத்திப் பாக்க விட்டவை, டிக்கெட் எடுத்துப் போகலாம். நான் வந்த புதுசில, 1993 அல்லது 94 இருக்கும், வேலை இடத்துப் பெடியளோட போனனான். ஹோம்ஸின்ர வீட்டு 221பி கதவுக்கு முன்னால நிண்டு படம் எடுத்தனான், இப்பவும் அல்பத்தில கிடக்கு. படத்தில பெரிய தெரு மாதிரித் தெரியும். நேரில நாலு எட்டு வைச்சா முடிஞ்சுது. எங்கட ஊர் ஒழுங்கை இதை விட நீளம்.

அந்த நேரம் அந்தாள் உயிரோட இருந்தவர். எங்களோட வந்த ஒரு இங்கிலீஷ் மனுசி, வயசானவ, "அவருக்கு உடம்பு ஏலாதாம், பாவம்" எண்டு சொன்னவ. எனக்கு அப்ப ஆரெண்டே தெரியாது. பிறகுதான் ஒவ்வொரு எபிசோடாப் பாத்தனான்.

ஒரு விசயம் சொல்லவேணும். தயாரிப்பாளர் மைக்கேல் கொக்ஸ் தொடங்க முந்தி 77 பக்கத்தில ஒரு கைநூல் செய்து வைச்சவர். ஹோம்ஸ் என்ன குடிப்பார், எந்தப் பைப் எப்ப பத்துவார், ஹோம்ஸின்ர கூட்டாளி வாட்சனுக்கு எந்த இடத்தில காயம், எல்லாம் கதைகளில இருந்து பொறுக்கி எடுத்தது. பிரெட் அதோட நிக்கேல்லை. கொனன் டொயிலின்ர கதைப் புத்தகத்தைப் படப்பிடிப்புக்கே கொண்டு வந்து, "இங்க இப்பிடி இல்லை, ஏன் மாத்தினீங்கள்?" எண்டு சண்டை பிடிப்பார். முந்தி கனக்கப் படங்களில லண்டன் தெருவில கூட அந்த ரெண்டு பக்கம் காது வைச்ச தொப்பியோட ஹோம்ஸ் திரிவார். பிரெட் லண்டனில உயரத் தொப்பிதான், நாட்டுப்புறம் போனாத்தான் அந்தத் தொப்பி. அந்தக் கதைகள் முதல் வரேக்க அதுக்குச் சிட்னி பஜெட் கீறின படங்களைப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. சில இடத்தில படத்துக்காரர் பிரெட்டை இருத்தி வைச்சுக் கீறின மாதிரி இருக்கும்.

அரைக்கால்சட்டை எழுதியது:

எல்லாரும் உணர்ச்சிவசப்படுறீங்க, நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுறேன்.

84, 85-ல வந்த முதல் 13 எபிசோடு தங்கம். டேவிட் பர்க் வாட்சன். நம்ம ஊர் காமெடியன் மாதிரி முழிக்கிற பழைய வாட்சன் இல்லை, புத்தியுள்ள டாக்டர். அப்புறம் பர்க் குடும்பத்தோட இருக்கணும்னு ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்குப் போயிட்டார், எட்வர்ட் ஹார்ட்விக் வந்தார். அவரும் குறைச்சல் இல்லை. 1986லேர்ந்து 88 வரை வந்த "ரிட்டர்ன்" வரிசையும் ஓகே.

1992-93-ல ரெண்டு மணி நேரப் படங்களா மூணு எடுத்தாங்களே, அது என்ன கொடுமை? மொத மொதல்ல வந்த பிளாக்மெயிலர் கதையை விட்டுடலாம், ராபர்ட் ஹார்டி வில்லனா கலக்கியிருப்பார். மத்த ரெண்டு? இருபது பக்கக் கதையை இழு இழுன்னு இழுத்து, ஒண்ணுல ரத்தக்காட்டேரிப் பேச்சு, இன்னொண்ணுல ஹோம்ஸுக்குக் கெட்ட கனவு. கனவு! எல்லாத்தையும் கண்ணால பார்த்து, கையால தொட்டு, கணக்குப் போட்டுச் சொல்ற ஆளுக்கு முன்கூட்டியே கனவுல வருதாம். கொனன் டொயில் பேனாவைத் தூக்கி அடிச்சிருப்பார்.

உடம்பு சரியில்லாத ஆள் மேல எனக்குக் கோவம் இல்லை. ஆனா உண்மையைச் சொல்லணும். கடைசி வரிசையில அவரால முடியலை. 1994-ல ஒரு எபிசோட்ல ஹோம்ஸ் பேருக்கு வர்றார், அண்ணன் மைக்ராஃப்ட்டா நடிச்ச சார்ல்ஸ் கிரேதான் துப்பறிஞ்சு முடிக்கிறார். ஹோம்ஸ் இல்லாத ஹோம்ஸ் கதையை எதுக்குப் பார்க்கணும்? பொண்ணு சொல்றது சரி. நிறுத்திக்குங்க.

திண்ணைவாசி எழுதியது:

அரைக்கால்சட்டை, நீங்க சொல்றதுலேயும் நியாயம் இருக்கு. கனவு சமாச்சாரம் கேட்டதும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. பொண்ணு கிட்ட ஓட்டெடுப்பு நிலவரம் சொன்னேன். "இன்னும் ரெண்டு பேர் பேசட்டும்"னுட்டா.

வைகை எழுதியது:

நான் இங்க படிக்கிறதோட சரி, எழுதினது குறைவு. இன்னிக்கு எழுதணும்னு தோணுச்சு.

"உடம்பு சரியில்லாமப் போச்சு"ன்னு எல்லாரும் தாண்டிப் போறீங்க. அவருக்கு இருந்தது பைபோலார். இருமுனை மனநோய்னு தமிழ்ல எழுதுறாங்க. அப்போ மேனிக் டிப்ரெஷன்னு பேரு. 1985 ஜூலையில அவரு ரெண்டாவது மனைவி ஜோன் வில்சன் கேன்சர்ல போயிட்டாங்க. அமெரிக்காவுல பிபிஎஸ் சேனல்ல பிரிட்டிஷ் நாடகங்களைக் கொண்டு வந்தவங்க அவங்கதான். அருவியில ஹோம்ஸ் விழுந்து சாகுற எபிசோடை சுவிட்சர்லாந்துல நிஜ ரைக்கன்பாக் அருவியிலயே போய் எடுத்தாங்களே, அது இங்கிலாந்துல ஒளிபரப்பானப்ப அந்தம்மா உயிரோட இல்லை. அடுத்த வரிசையில "நான் சாகலை வாட்சன்"னு ஹோம்ஸ் திரும்பி வரணும். அதை அவரு நடிச்சு முடிச்சாரு. 1986-ல நிலைகுலைஞ்சு ஆஸ்பத்திரியில சேர்ந்தாரு. அங்கேர்ந்து லித்தியம் மாத்திரை.

எங்கண்ணன் பதினாலு வருஷமா லித்தியம் சாப்பிடுறாரு. அதனால எனக்கு இது சினிமாச் செய்தி இல்லை.

அந்த மாத்திரை உயிரைக் காப்பாத்துது, அதுல சந்தேகமே வேண்டாம். இதைப் படிச்சுட்டு யாரும் வீட்ல மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஆனா ரத்தத்துல அளவு கொஞ்சம் குறைஞ்சா வேலை செய்யாது, கொஞ்சம் கூடினா விஷம். மூணு மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் எடுக்கணும். ராத்திரி மாத்திரை போட்டு சரியா பன்னெண்டு மணி நேரம் கழிச்சு, காலை மாத்திரை போடாம போகணும். மதுரை வெயில்ல தண்ணி கம்மியாக் குடிச்சாலும் அளவு ஏறிடும். அண்ணன் கை லேசா நடுங்கும், அதனால டீயை எப்பவும் முக்கால் டம்ளர்தான் ஊத்துவோம், அதுவும் கேக்காமலே. தாகம் தாகம்னு தண்ணி குடிப்பாரு. முதல் வருஷத்துல பேண்ட்டை ரெண்டு தரம் பிரிச்சுத் தைச்சோம். ஒரு கல்யாணத்துல சித்தப்பா ஒருத்தர் எல்லார் முன்னாலயும், "என்னப்பா, வீட்டுச் சாப்பாடு நல்லாப் பிடிச்சிருக்கு போல"ன்னாரு. அண்ணன் சிரிச்சுட்டே கைகழுவப் போனவரு பந்திக்குத் திரும்பி வரலை.

இன்னொண்ணு. ஒருதரம் வேற ஒரு டாக்டர் பிரஷருக்காக நீர் மாத்திரை எழுதிட்டாரு, லித்தியம் சாப்பிடுறாரான்னு கேக்கவே இல்லை. பேரு வேண்டாம். பத்து நாள்ல அண்ணனுக்கு நாக்கு குழறி, நடை தள்ளாடிப் போச்சு. நீர் மாத்திரை லித்தியத்தை வெளிய போக விடாமத் தேக்கிடுமாம். நல்லவேளை, ரத்தம் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க.

இப்ப பிரெட்டுக்கு வாங்க. பழைய_பேட்டரி ஐயா சொன்ன அந்தச் சின்ன வயசுக் காய்ச்சல்ல கெட்ட இதயம். அதுக்கு ஒரு பக்கம் மருந்து. மனசுக்கு லித்தியம். நடுவுல விடாத சிகரெட்டு. இதயம் வீங்கிப் போச்சு, உடம்புல நீர் கோத்துச்சு, மூச்சு வாங்குச்சு. 1994 வரிசை எடுக்கும்போது செட்ல சக்கர நாற்காலி வெச்சிருந்தாங்க. "ஆக்‌ஷன்"னு சொன்னதும் அதுலேர்ந்து எழுந்து நடந்திருக்காரு.

அதனாலதான் "முடியலை"ன்னு சொன்னா எனக்குச் சுருக்குன்னு இருக்கு. நான் அந்தக் கடைசி எபிசோடுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்குறேன். அண்ணன் பக்கத்துல உக்காந்து பார்ப்பாரு. "இவரு கையைப் பாரு, நடுக்கம் தெரியாம இருக்க எதையாவது பிடிச்சுக்கிறாரு"ன்னு ஒருதரம் சொன்னாரு. எனக்கு அது தெரியலை. நிஜமா இல்லையான்னும் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சுது.

அரைக்கால்சட்டை எழுதியது:

வைகை, மன்னிக்கணும். "முடியலை"ங்கிற வார்த்தையை நான் அப்படி வீசியிருக்கக் கூடாது. உங்கண்ணன் விஷயம் படிச்சதும் கொஞ்ச நேரம் கையே ஓடலை.

ஆனா கனவுப் படம் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். அது எழுதினவங்க தப்பு, நோய் மேல போட முடியாது. சொல்லப்போனா அதுதான் எனக்குக் கோவமே. கதையில ஒரு வார்த்தை மாறினாலும் சண்டை போட்ட ஆள், சண்டை போடத் தெம்பில்லாத நேரமாப் பார்த்து கதையைக் கண்டபடி மாத்திட்டாங்க.

வைகை எழுதியது:

அது சரி. அதுல நானும் உங்க கட்சிதான். அந்தப் படத்தை அண்ணனும் பாதியில எழுந்து போயிட்டாரு.

நெறியாளர்:

பிரெட்டின் 1984, 1994 படங்களை ஒட்டிவைத்து உடல் எடையைக் கேலி செய்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. போட்டவருக்குத் தனிமடலில் எழுதியிருக்கிறேன். இழை தொடரட்டும்.

பழைய_பேட்டரி எழுதியது:

வைகை அம்மா எழுதியதற்கு மேல் நான் என்ன சொல்ல. இரண்டு துணுக்குகள் மட்டும்.

1988-இல் வந்த "டெவில்ஸ் ஃபுட்" கதையைத் தவறவிட வேண்டாம். அதில் தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பார். யாரும் சொல்லவில்லை, அவரே வெட்டிக்கொண்டார். ஹோம்ஸுக்குக் கொகெய்ன் ஊசிப் பழக்கம் உண்டு, மூலக்கதையிலேயே இருக்கிறது. தொடரைச் சின்னப் பிள்ளைகள் நிறையப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பிரெட்டுக்கு உறுத்தியிருக்கிறது. கொனன் டொயிலின் மகள் டேம் ஜீன் அப்போது இருந்தார். அவரிடம் அனுமதி வாங்கி, அந்த எபிசோடில் கார்ன்வால் கடற்கரையில் ஹோம்ஸ் ஊசியை மணலில் புதைப்பதாக வைத்தார். மூலக்கதையில் ஒரு கமா மாறினாலும் குதித்தவர் தானாக மாற்றிய இடம் அது.

அதே எபிசோடில் விஷப்புகையில் மயங்கி எழும்போது "ஜான்!" என்று கத்துவார். வாட்சனின் முதற்பெயர். ஆங்கிலத்தில் அந்தக் காலத்து ஆண்கள் நண்பனைக்கூடக் குடும்பப் பெயரில்தான் கூப்பிடுவார்கள், ஹோம்ஸ் வாய் தவறியும் ஜான் என்றதில்லை. அது வசனத்தில் இல்லாத சொல், பிரெட் வாயில் அந்த நொடியில் வந்தது. ஹார்ட்விக் முகத்தை அப்போது பாருங்கள்.

அதே 1988-இல் இவர்கள் இருவர் மட்டுமே நடிக்கும் ஹோம்ஸ் நாடகம் லண்டன் விண்டம்ஸ் தியேட்டரில் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருஷம் ஓடியது. டிவியில் ஹோம்ஸ், மேடையிலும் ஹோம்ஸ். உடம்பும் மனசும் கேட்குமா? இத்தனைக்கும் பிரெட் தன் சுபாவத்துக்கு வாட்சன்தான் பொருத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கிரானடா கூப்பிடுவதற்கு முன், 1980-இல் லாஸ் ஏஞ்சலஸ் மேடையில் சார்ல்டன் ஹெஸ்டன் ஹோம்ஸ், இவர் வாட்சன்! செட்டில் எல்லோரையும் "டார்லிங்" என்று கட்டிப்பிடிக்கும் மனுஷர், பத்து வருஷம் யாரையும் தொடாத ஒருவனுக்குள் குடியிருந்தார்.

1995 செப்டம்பர் 12. லண்டன் கிளாப்பம் வீட்டில், தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது. 61 வயது. 60 கதைகளையும் முடிக்க ஆசைப்பட்டார், நடக்கவில்லை. அந்த வருஷம்தான் மேனிக் டிப்ரெஷன் நோயாளிகளுக்கான அமைப்புக்காக பிபிசி வானொலியில் பேசி நிதி கேட்டிருந்தார். அந்தக் காலத்தில் முன்னணி நடிகர் ஒருவர் தனக்கு இருக்கும் மனநோயைப் பெயர் சொல்லிப் பேசுவது சாதாரணமில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. முதல் மனைவி நடிகை அன்னா மாஸி. 1958-இல் கல்யாணம், 1962-இல் மணமுறிவு. ஒரே மகன். அவர் நாவலாசிரியர், புத்தகத்தில் போட்டுக்கொள்ளும் பெயர் டேவிட் ஹக்கின்ஸ். தாத்தா கொடுக்க மாட்டேன் என்ற பெயர் பேரன் அட்டையில் வந்துவிட்டது.

கொக்குவிலான் எழுதியது:

அந்தக் கடைசி வரி நல்லாயிருக்கு ஐயா. 221பி கதவடியில எடுத்த படத்தை ஸ்கேன் பண்ணிப் போடுறன், பொறுங்கோ. நான் மெலிஞ்சு நிக்கிறன், சிரிக்கக் கூடாது.

திண்ணைவாசி எழுதியது:

ஒரு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்குங்க. பொண்ணுக்குக் காலாண்டுப் பரீட்சை.

முழுக்கப் பார்த்துட்டோம். வைகை எழுதினதை அப்படியே அவகிட்ட படிக்கக் கொடுத்தேன். ஒண்ணும் சொல்லலை. போனைத் திருப்பிக் கொடுத்துட்டு, "அடுத்தது போடுப்பா"ன்னா.

கனவுப் படம் ரெண்டு பேருக்கும் பிடிக்கலை, அரைக்கால்சட்டைக்கு ஒரு ஓட்டு. மைக்ராஃப்ட் துப்பறிஞ்ச எபிசோடும் சுமார். ஆனா மத்ததுல நான் எதிர்பார்க்காத ஒண்ணு இருந்துச்சு. சோபாவைத் தாண்டின காலத்துல அவர் புத்தி ஓடுறதை உடம்பு காட்டிக்கொடுக்கும். உடம்பு போனப்புறம் கண்ணும் குரலும் மட்டும்தான். எதிராளி பேசும்போது அசையாம உக்காந்திருக்கார், கண்ணு மட்டும் போகுது வருது. பொண்ணு ரீவைண்ட் பண்ற பழக்கத்தை விடலை. இப்ப சிரிப்புக்கு இல்லை, அந்தக் கண்ணுக்கு.

கடைசி எபிசோடு "கார்ட்போர்ட் பாக்ஸ்", 1994 ஏப்ரல். பெட்டியில அறுத்த காது வர்ற கதை. குற்றவாளி யார்னு தெரிஞ்சு போச்சு, சந்தோஷப்பட எதுவும் இல்லை. இந்த வேதனையும் வன்முறையும் பயமும் சுத்திச் சுத்தி வருதே, இதுக்கு என்ன அர்த்தம் வாட்சன்னு கேக்குறார். கொனன் டொயில் எழுதின வரிதான். அந்தக் கரகரத்த குரல்ல கேக்கும்போது கதையில வர்ற ஆளுக்காகக் கேக்குற மாதிரி இல்லை. 1984-ல அதே வரியைக் கொடுத்திருந்தா அழகாச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான்.

முடிஞ்சதும் பொண்ணு டிவியை அணைக்கலை. முதல் எபிசோடை மறுபடி போட்டா. அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு, "இவரு ரொம்பச் சின்னப் பையனா இருக்காருப்பா"ன்னா. 50 வயசு ஆளைப் பார்த்து!

மழைக்குருவி எழுதியது:

சரி, நானும் "டெவில்ஸ் ஃபுட்" பார்த்துட்டேன். தூங்கலை. கம்பர்பேட்ச் கட்சியில இருந்துக்கிட்டே ஆதரவு தர்றேன்.

அங்கிள், அடுத்து என்ன பார்க்கப் போறீங்க?

திண்ணைவாசி எழுதியது:

பிபிசி 1979-ல எடுத்த "ரெபெக்கா" தேடிட்டு இருக்கேன். பிரெட்தான் மாளிகைக்காரர் மேக்ஸிம். ரெண்டாவது மனைவியா வந்த பொண்ணை மிரட்டுற அந்த வீட்டு நிர்வாகியம்மா டான்வர்ஸா நடிச்சது, பழைய_பேட்டரி ஐயா சொன்ன அதே அன்னா மாஸி. மணமுறிவு ஆகி 17 வருஷம் கழிச்சு ஒரே வீட்டு செட்ல ரெண்டு பேரும்.

இதைப் பொண்ணுகிட்ட இன்னும் சொல்லலை. பாதி பார்த்தப்புறம் சொல்லலாம்னு வெச்சிருக்கேன்.